பியூஸ் கம்பியும் மீட்டர் உரிமையும்

மும்பையின் குடிசைப் பகுதிகளில் தீப்பிடித்தால், மறுநாள் பத்திரிகைகளில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வருகிறது: "ஷார்ட் சர்க்யூட்". அந்த ஒரு சொல்லோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. ஒயர் ஏன் சூடேறியது, அந்த ஒயரை நம் தலைக்குமேல் இழுத்துவிட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

தோழர்களே, கணக்கு எளிது. ஒரு ஒயரில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலேகால் ஆம்பியர் இழுக்கிறது. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ஆறரை ஆம்பியர் இழுக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி, அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் என்ன ஆகும்? ஒயரின் உறை இளகும், தீப்பொறி பறக்கும். பத்துக்குப் பத்து அறையில் அந்தப் பொறிக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை பிளைவுட் தட்டியும் பிளாஸ்டிக் தாளும் தையல் துணி மூட்டையும் அல்லவா?

அளவு மீறினால் தான் உருகி வீட்டைக் காப்பதே பியூஸின் வேலை. "அடிக்கடி போகிறது" என்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது, குரைக்கிற நாயை அடித்துத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பதற்குச் சமம்.

தாய்மார்களே, செய்ய வேண்டியவை சிலவே. ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் தேவை, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பிளக் சூடானால், கருகல் வாடை வந்தால், அன்றே நிறுத்துங்கள். தீப்பிடித்தால் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-க்குச் சொல்லுங்கள்.

பிழைக்க வந்தவன் வீடு எரிந்தால் தட்டுமுட்டுச் சாமான் மட்டும் எரிவதில்லை. ரேஷன் கார்டும் பழைய பில்லும் எரிகின்றன. மகாராஷ்டிரத்தில் 2000 சனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டினால்தான் குடிசைவாசிக்கு இலவச மாற்று வீடு. தாள் போனால் உரிமையை நிலைநாட்ட மீண்டும் அலைய வேண்டும். ஆகவே நகல்களை ஊரில் உள்ள உறவினரிடமும் ஒரு படி வையுங்கள்.

ஆனால் பழி முழுவதையும் நம் வீட்டுப் பெண்கள் தலையில் சுமத்துவதை ஏற்க மாட்டோம். மீட்டர் கிடைக்காதவன் இடைத்தரகனிடம் விளக்குக்கு இவ்வளவு என்று கொடுத்துத் திருட்டு ஒயர் வாங்குகிறான். ஒரே மெல்லிய ஒயரில் பல வீடு தொங்குகிறது. இலாபம் தரகனுக்கு, நெருப்பு நமக்கு!

சட்டம் சொல்வது வேறு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2022-இல் கூறியது.

எனவே ஒவ்வொரு கிளையும் தன் சந்தில் மீட்டர் இல்லாத வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். தனித்தனியே போய்க் கெஞ்ச வேண்டாம். ஒன்றாக விண்ணப்பம் கொடுத்து, ரசீது வாங்கி, பதில் வரும்வரை விடாமல் கேட்போம். இந்த நகரத்தைக் கட்டிய கைகள் பாதுகாப்பான ஒரு விளக்கைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!