சின்னக் காருக்குப் பெரிய வூஃபர் வேண்டாம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சர்க்கிள் வரை கார் உதிரிபாகக் கடைகளும் ஆடியோ கடைகளும் நிறைந்திருக்கின்றன. போலோ ஜிடிஐ, மினி கூப்பர், ஐ20 என் லைன் மாதிரி குட்டி வேகக் கார் ஒன்றைக் கொண்டுபோய் சப்வூஃபர் கேட்டால், அடிக்கடி கிடைக்கும் ஆலோசனை இதுதான்: "வண்டி சின்னது சார், பேஸ் எடுபடாது. பன்னிரண்டு இஞ்ச் போடுங்க, பாக்ஸும் பெரிசா இருக்கட்டும்." கார்ப் பிரியர்கள் பலரும் இதையே நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர்.

அவர்கள் சொல்லும் முதல் காரணம் அலைநீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். இரண்டு மீட்டர் கேபினுக்குள் அது எப்படி உருவாகும் என்கிறார்கள். காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனில் அதே 40 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்கிறதே! காது உணர்வது காற்றழுத்த மாற்றத்தை. அலை முழுதாக நீண்டு கிடக்க இடம் தேவையில்லை. மூடிய கேபினின் நீளத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகும்போது, உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. இரண்டு மீட்டர் கேபினில் இது சுமார் 85 ஹெர்ட்ஸில் தொடங்கும். அதற்குக் கீழே, ஒலி ஒவ்வொரு ஆக்டேவ் இறங்கும்போதும், அதாவது அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம், கணக்குப்படி 12 டெசிபல் கூடிக்கொண்டே போகும். கதவு இடுக்கும் கண்ணாடியின் அதிர்வும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்; மீதியே கணிசமானது. கேபின் சிறுக்கச் சிறுக்க இந்த உதவி இன்னும் மேல் ஸ்தாயியிலேயே தொடங்கிவிடும்.

காற்றுப்புகாத சீல்டு பாக்ஸில் பேஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் குறையும். கேபின் கொடுப்பதும் ஏறக்குறைய அதுவே. ஒன்றின் குறையை மற்றது நிரப்ப, பேஸ் சீராக அடிவரை இறங்குகிறது. துளை வைத்த பெரிய பாக்ஸோ 40 ஹெர்ட்ஸையொட்டித் தானே ஒரு மேடு எழுப்பும். கேபினும் சேர்ந்துகொண்டால் எல்லாப் பாட்டும் ஒரே குமுறலாகிவிடும். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் அந்த கிடார் சுரம் சுரமாக நடப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சின்ன இழப்பு அல்ல.

பன்னிரண்டு இஞ்ச் வூஃபரில் அதிரும் கோனின் பரப்பு பத்து இஞ்சைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கோன் அதே அளவு முன்பின் போனால் லாபம் மூன்று, நான்கு டெசிபல். அதற்காக டிக்கி முழுவதையும் கொடுத்து, பாக்ஸோடு இருபது கிலோவை நெருங்கும் எடையைப் பின்னால் ஏற்ற வேண்டும். லேசாக இருப்பதற்காகவே வாங்கிய வண்டிக்கு இது அநியாயம். சின்ன வூஃபர்தான் எப்போதும் துல்லியம் என்பதையும் நான் ஏற்கவில்லை. துல்லியத்தைத் தீர்மானிப்பது பாக்ஸின் அளவும் பொருத்தமும்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடும் 1200 வாட் வெறும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் திறனைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது மூன்று டெசிபல்தான். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறைவு. பெரிய ஆம்ப் இழுத்தால் ஹெட்லைட் மங்குவது அதனால்தான்.

கூரை திறக்கும் வண்டிக்கு மட்டும் எதிர்த்தரப்பின் வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் தயாரித்த சான் ஸ்டார்ம் அப்படிப்பட்டது: இரண்டே இருக்கை, ஃபைபர் கிளாஸ் உடல், ரெனோவின் 1149 சிசி எஞ்சின். கூரையைத் திறந்தால் கேபினின் உதவி போய்விடும். ஆனால் அத்தகைய வண்டியில் பெரிய பாக்ஸுக்கு இடம் ஏது? பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் தட்டையான எட்டு இஞ்ச் வைத்தால், நெருக்கமே பாதி வேலையைச் செய்யும்.

என் தீர்ப்பு: மூடிய காருக்கு 15 முதல் 18 லிட்டர் சீல்டு பாக்ஸில் தட்டையான பத்து இஞ்ச், 200 வாட் ஆர்எம்எஸ் போதும். மிச்சப் பணத்தைச் சுத்தமான செப்பு வயருக்கும், பேட்டரிக்கு அருகிலேயே வைக்கும் ஃப்யூஸுக்கும், கதவுக்கான டேம்பிங் ஷீட்டுக்கும் செலவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்களுக்குப் பழகிய பாட்டை, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவு கண்ணாடி எல்லாம் மூடிக் கேளுங்கள்.