தாகம் குறும்பல்ல

என் அக்கா மகனுக்கு 13 வயசு. இருதுருவ மனநோய். ஆறு மாதமாக லித்தியம் சாப்பிடுகிறான். தூக்கம் வந்தது, பேச்சு நிதானப்பட்டது, மறுபடி பள்ளிக்கூடம் போனான். அந்த மருந்தைப் பழிக்க இதை நான் எழுதவில்லை.

ஆனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். அடிக்கடி ஒண்ணுக்கு. ராத்திரி பாய் நனைகிறது. வகுப்பிலிருந்து ஓடப் பார்க்கிறான் என்று வாத்தியார் வெளியே விடவில்லை. அவன் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். "மானம் போகுது மாமா" என்றான்.

ஆபத்து இங்கேதான். லித்தியம் ஓர் உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அது மனநோய்க்கு உதவுவதை எழுதினார். அதை ஈரல் சிதைப்பதில்லை. சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். நீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனுக்கு, லித்தியம் பட்ட சிறுநீரகம் சரியாகக் கட்டுப்படுவதில்லை. நீர் ஓடுகிறது, தாகம் எடுக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, கூடவே லித்தியத்தையும். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்குகிறது. கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். வயிற்றுப்போக்கும், கடையில் வாங்கிப் போடும் இபுபுரூஃபனும்கூட அளவை ஏற்றிவிடும்.

பல வருஷம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் மெல்ல நலிகிறது. 13 வயதில் தொடங்குகிறவனுக்கு முன்னால் எத்தனை வருஷம்! அதனால்தான் லித்தியம் அளவு, கிரியேட்டினின், தைராய்டு என்று ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் வங்கி குமாஸ்தா, லேபுக்குப் பணம் கட்டிவிட்டேன். கூலிக்குப் போகிற தாய் என்ன செய்வாள்? மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது பாதி வைத்தியம்.

டாக்டரிடம் சீட்டு வாங்கிப் போய் வாத்தியாரிடம் கொடுத்தேன். இப்போது கேட்டவுடன் விடுகிறார்கள். ஆனால் தாகத்துக்குக்கூடச் சீட்டு வேண்டியிருக்கிறது. பொதுப்பானையைத் தொட்டதற்கு அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். தாகத்தோடு நிறுத்தி வைப்பது என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

தோழர்கள் அவரவர் பகுதி அரசு மருத்துவமனையில் கேளுங்கள்: லித்தியம் கொடுக்கிறீர்களே, ரத்தத்தில் அளவு பார்க்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் கேளுங்கள்: தண்ணீர் இருக்கிறதா, கக்கூஸ் திறந்திருக்கிறதா? தாய்மாரிடம் சொல்லுங்கள்: மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், தண்ணீரையும் நிறுத்த வேண்டாம், வாந்தி பேதி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். பாய் நனைந்ததற்குப் பிள்ளையை அடிக்காதீர்கள்.