காட்டுக்குரியவன் கள்வனா?

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு எள்ளளவும் மாறுபாடில்லை. காட்டிலே பிறந்து வளர்ந்தவனைத் துரத்திவிட்டுத்தான் அதனைக் காக்க வேண்டுமா என்பதே எமது கேள்வி.

மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்திற்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டன. அழித்தது வேடுவரின் கோடரியன்று, அரசாங்கத்தின் இயந்திரங்கள்! இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக, 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே வேட்டையாடியும், தேனெடுத்தும், சேனை செய்தும் வாழ்ந்த வேடுவர் சட்டத்தின் கண்ணில் அத்துமீறிகளாயினர். யானைக்குப் புகலிடம் தேடியவர்கள் மனிதனின் புகலிடத்தைப் பறித்தார்கள். இதுவா நீதி?

குடும்பங்கள் பல குடியேற்றத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாகாமி தம்பானையை விட்டு அசைய மறுத்தார். அவர் மகன் வன்னில அத்தோ, 1996இல் ஜெனீவா வரை சென்று முறையிட வேண்டியதாயிற்று!

அயல்நாட்டைப் பாருங்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையிலே பொக்சைட் அகழ முற்பட்டபோது, மலைவாழ் மக்களின் கிராம சபைகளைக் கேட்குமாறு 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. 12 சபைகளும் ஒருமுகமாக மறுத்தன. மலை பிழைத்தது, காடும் பிழைத்தது.

வேடுவரை உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்சிப் பொருளாக்கியது போதும். வன நிருவாகத்தில் அவர்களுக்குச் சட்டபூர்வமான பங்கை அளியுங்கள். காட்டை அறிந்தவனைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காத்தல் இயலாது!