மெமரி டேக்கிங்: ஐபோனில் எப்போதும் 'ஆன்', ஆண்ட்ராய்டில் ஏன் இன்னும் 'ஆஃப்'?

வாட்ஸ்அப்பில் ஒரு கால் வருகிறது. எடுக்கக்கூட வேண்டாம். கால் வந்தாலே போதும், போனுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் இறங்கிவிடும். 2019-ல் இப்படித்தான் உலகம் முழுவதும் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். இந்தியாவில் பத்திரிகையாளர்களும் மனித உரிமை ஆர்வலர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்டது 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்ற பழைய வகைப் பிழை. மெமரியில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஒரு புரோகிராம் எழுதிவிடுவதுதான் அது.

இந்த மாதிரி மெமரி பிழைகள் ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் பிரவுசரின் தீவிரமான ஓட்டைகளுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கைத்தான் கூகுள் 2020-ல் சொன்னது.

இதற்கு சிப்பிலேயே ஒரு மருந்து இருக்கிறது. பெயர் 'மெமரி டேக்கிங் எக்ஸ்டென்ஷன்', சுருக்கமாக எம்டிஇ. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வரிசையையும் ஐபோன் ஏரையும் அறிமுகப்படுத்திய ஆப்பிள், இதன் மேம்பட்ட வடிவத்தை எப்போதும் 'ஆன்' நிலையிலேயே வைத்திருப்பதாக அறிவித்தது. ஆனால், மூல வசதி கூகுளின் பிக்சல் 8-ல் 2023 அக்டோபரிலேயே வந்துவிட்டது. வந்தும் டெவலப்பர் ஆப்ஷன்களுக்குள் ஒரு ஓரத்தில் ஒளிந்து கிடந்தது. முதலில் வந்தவர் ஏன் பின்தங்கினார்? விடை சிப்பில் இல்லை, அந்த சிப்பை இயக்கும் கெர்னலை எப்படி செட் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

செருப்பு டோக்கன் கணக்கு

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். அந்த எண்ணும் அறையின் எண்ணும் பொருந்தினால்தான் செருப்பு கைக்கு வரும். எம்டிஇ செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். மெமரியை 16 பைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 4 பிட் அளவில் ஒரு டேக் ஒட்டுகிறது. மொத்தம் 16 டேக்தான் சாத்தியம். மெமரியைத் தேடிப் போகும் 'பாயின்டர்' என்ற முகவரியின் மேல்பகுதியில், பயன்படாமல் கிடக்கும் பிட்களில் அதே டேக்கை வைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டும் பொருந்துகிறதா என்று சிப்பே பார்க்கும். பொருந்தவில்லை என்றால் அலாரம்.

பக்கத்து அறைக்குள் கை நீட்டினால் டேக் மாறும், மாட்டிக்கொள்வார். செருப்பை வாங்கிப் போன பிறகும் பழைய டோக்கனை வைத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றால்? அதற்குள் அந்த அறைக்கு வேறு டேக் போட்டிருப்பார்கள். ஹேக்கர்களுக்கு மிகவும் பிடித்த 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' தாக்குதல் இந்த இரண்டாவது ரகம்.

யோசனை புதிதல்ல. ஆரக்கிளின் ஸ்பார்க் எம்7 சர்வர் சிப்பில் 2015-லேயே இதே தத்துவம் இருந்தது. ஆர்ம் நிறுவனம் 2018-ல் ஆர்ம்வி8.5 வடிவமைப்பில் எம்டிஇ-யைச் சேர்த்தது. 2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10 சாதாரண புரோகிராம்களுக்கும், அடுத்து வந்த 5.11 கெர்னலுக்கும் இதைப் பயன்படுத்த வழி செய்தன. ஆண்ட்ராய்டு ஓடுவது லினக்ஸ் கெர்னலின் மேல்தான்.

கெர்னலில் மூன்று கியர்

கெர்னல் என்பது போனின் மொத்தச் சாவிக்கொத்து. ஒரு ஆப் உடைந்தால் அந்த ஆப்போடு போச்சு, கெர்னல் உடைந்தால் எல்லாமே போச்சு. அதனால் அங்கே டேக் சோதனை எப்படி நடக்கிறது என்பது முக்கியம். லினக்ஸில் இதைக் கவனிப்பது 'கேசன்' என்ற அமைப்பு. போன் பூட் ஆகும்போதே அதற்கு எந்த முறையில் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

முதலாவது 'சிங்க்'. டேக் பொருந்தாத அந்த நொடியிலேயே சிப் நிறுத்திவிடும். தவறு எந்த வரியில் நடந்தது என்றும் துல்லியமாகத் தெரியும். ஆனால், ஒவ்வொரு முறையும் சோதனை முடியும்வரை காத்திருப்பதால் வேகம் குறையும்.

இரண்டாவது 'அசிங்க்'. சிப் நிற்காது. தவறு நடந்தது என்று ஒரு ரிஜிஸ்டரில் குறித்துவைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும், கெர்னல் பிறகு எடுத்துப் பார்க்கும். வேகம் கிடைக்கும். ஆனால், குறித்துவைத்ததற்கும் எடுத்துப் பார்ப்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, கைதேர்ந்த தாக்குதல்காரருக்கு அது போதும். பிழை எந்த இடத்தில் நடந்தது என்பதும் குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

மூன்றாவது 'அசிம்'. படிக்கும்போது சிங்க், எழுதும்போது அசிங்க். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒரு சமரசம்.

இவை தவிர இன்னொரு செட்டிங் இருக்கிறது. முறையைப் பற்றிப் பேசுபவர்கள்கூட இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். டேக் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு கெர்னல் என்ன செய்ய வேண்டும்? கேசனின் இயல்புநிலை, 'ரிப்போர்ட்' மட்டும் செய்வது. அதாவது லாகில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு வேலையைத் தொடரும். அதைவிட வேடிக்கை, எம்டிஇ முறையில் முதல் பிழையைச் சொன்னதும் அதன்பிறகு டேக் சோதனையே நின்றுவிடும். திருடனைப் பார்த்து ஒரு தடவை கத்திவிட்டு வாட்ச்மேன் தூங்கப் போனால் எப்படி? பிழை தேடும் இன்ஜினியருக்கு ஒரு குறிப்பே போதும். தாக்குதலைத் தடுக்க அது உதவாது. அதற்கு 'பேனிக்' என்று மாற்ற வேண்டும். மாற்றினால் தவறு தெரிந்த உடனே கெர்னல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

போன் கம்பெனிகள் தயங்கும் இடம் இதுதான்.

கிராஷ் ஆனால் யார் மேல் பழி?

யாரும் தாக்காதபோதும் மென்பொருளில் மெமரி பிழைகள் இருக்கத்தான் செய்கின்றன. பல பிழைகள் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல், எதையும் கெடுக்காமல் கிடக்கும். எம்டிஇ-யை ஆன் செய்தால் அவை எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும், கிராஷ் வடிவத்தில்.

2024 மார்ச்சில் இதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. பிக்சல் போன்களுக்கான கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு, எம்டிஇ-யை இயல்பாகவே ஆன் செய்து வைத்திருக்கிறது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, சில புளூடூத் இயர்பட்களை இணைத்தால் புளூடூத் விழுந்துகொண்டே இருந்தது. தோண்டிப் பார்த்தால், புதிய ஆண்ட்ராய்டு வெளியீட்டின் புளூடூத் கோடிலேயே ஒரு யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ பிழை. மற்ற போன்களில் அதே பிழை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றுபோனவருக்கு 'என்னடா போன் இது' என்றுதான் தோன்றும். தன்னை ஒரு ஓட்டையிலிருந்து காப்பாற்றியது அந்த கிராஷ்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மெமரி செலவும் இருக்கிறது. 128 பிட்டுக்கு 4 பிட் என்றால் 32-ல் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 சதவீதம். 8 ஜிபி போனில் எல்லாவற்றுக்கும் டேக் வைத்தால் 256 எம்பி போய்விடும். விலை குறைந்த போன்களில் இது சின்ன விஷயம் இல்லை. வேக இழப்பைக் குறைக்க கேசனில் சில குறுக்குவழிகள் உண்டு. பெரிய மெமரி ஒதுக்கீடுகளில் எத்தனைக்கு ஒன்று என்று மாதிரிக்கு மட்டும் டேக் போடச் சொல்லலாம். வேகம் மிச்சமாகும், டேக் போடாமல் விட்டதற்குப் பாதுகாப்பு இருக்காது.

16 டேக் போதுமா?

கெர்னலில் 16-ம் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒன்று 'எதுக்கும் பொருந்தும்' டேக், அது இருந்தால் சோதனையே கிடையாது. இன்னொன்று, விடுவித்த மெமரிக்கென்று ஒதுக்கப்பட்டது. மிச்சம் 14. ஆக, மறுபடி ஒதுக்கிய இடத்துக்குத் தற்செயலாகப் பழைய டேக்கே விழுந்து தாக்குதல் தப்பித்துப் போக சுமார் 7 சதவீத வாய்ப்பு. லாட்டரியில் இது பெரிய வாய்ப்பு. ஆனால், 14-ல் 13 தடவை போன் ரீஸ்டார்ட் ஆகி தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றால், கோடிகள் கொடுத்து வாங்கிய உளவுக் கருவியை யாரும் துணிந்து விட மாட்டார்கள்.

டேக்கை ஊகிக்கத் தேவையில்லாமல் நேராகவே திருடிவிட்டால்? 2024-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் 'டிக்டேக்' என்ற தாக்குதலைக் காட்டினார்கள். சிப் முன்கூட்டியே ஊகித்து வேலை செய்யும் பழக்கத்தைப் பயன்படுத்தி, குரோமிலும் லினக்ஸ் கெர்னலிலும் 4 நொடிக்குள், 95 சதவீதத்துக்கு மேல் வெற்றியோடு டேக்கைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் தன் அமைப்பில் டேக் கசியாமல் காக்கத் தனி ஏற்பாடு சேர்த்ததற்கு இந்த வகைத் தாக்குதல்கள்தான் காரணம்.

ஆப்பிள் எடுத்த முடிவில் கவனிக்க வேண்டியது அந்த ஏற்பாடு மட்டும் இல்லை. அசிங்க் முறை பாதுகாப்புக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டு, கெர்னலுக்கும் 70-க்கும் மேற்பட்ட சிஸ்டம் புரோகிராம்களுக்கும் சிங்க் முறையை மட்டுமே வைத்தது. சிப், கெர்னல், போன் மூன்றும் ஒரே கையில் இருப்பதால் அது முடிந்தது. அதற்கே 5 ஆண்டு உழைப்பு என்கிறது ஆப்பிள். ஆண்ட்ராய்டில் சிப் ஒருவர், போன் ஒருவர், டிரைவர்கள் இன்னொருவர். யாரோ எழுதிய டிரைவரில் உள்ள பிழைக்காக போன் விழுந்தால், திட்டு வாங்குவது போனில் பெயர் போட்டவர்.

கூகுள் சும்மா இருக்கவில்லை. புதிய கோடை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கிய பிறகு, ஆண்ட்ராய்டின் ஓட்டைகளில் மெமரி பிழைகளின் பங்கு 2019-ல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-ல் 24 சதவீதமாக இறங்கியது. ஆனால், கெர்னலில் கோடிக்கணக்கான வரி சி மொழிக் கோடு அப்படியே இருக்கிறது. அதை ரஸ்டில் மாற்றி முடிக்கும்வரை டேக்கிங்தான் கைவசம் உள்ள கவசம்.

2025-ல் ஆண்ட்ராய்டு 16-ல் வந்த 'அட்வான்ஸ்டு புரொடெக்ஷன்' முறையை ஆன் செய்தால், வசதியுள்ள போன்களில் எம்டிஇ-யும் சேர்ந்து இயங்கும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், ஆர்வலர் என்று குறிவைக்கப்படும் வாய்ப்புள்ளவர்கள் தாராளமாக ஆன் செய்யலாம். மற்றவர்களும் செய்யலாம்தான், எப்போதாவது ஒரு ஆப் விழுந்தால் பொறுத்துக்கொள்ளத் தயார் என்றால். லேப்டாப் பக்கம், இன்டெலும் ஏஎம்டியும் சேர்ந்து இதேபோன்ற 'செக்டேக்' வசதியை 2025 அக்டோபரில் அறிவித்திருக்கின்றன. அங்கேயும் கெர்னல் அதை எந்த முறையில் ஓட்டப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.