வரைபடம் காணாத கிணறுகள்

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் தோட்டக்காரருக்குக் கிணறே வாழ்வு. வற்றாத ஆறு எதுவுமில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் யாழ்ப்பாணம். குடிப்பதற்கும் பயிருக்கு இறைப்பதற்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். அந்தக் கிணறுகளை நாடி இப்போது ஒரு நுளம்பும் வந்து சேர்ந்திருக்கிறது.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பின் குடம்பிகள் மன்னார்க் கிணறுகளில் காணப்பட்டன. பின்னர் அந்த நுளம்பு யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. ஆபிரிக்காவின் ஜிபூத்தியில் 2012இல் தென்பட்டதும் இதே இனந்தான்.

அடுத்து எங்கே பரவும் என்பதை முன்கூட்டி அறிய ஆய்வாளர் கையாளும் கருவிகளுள் ஒன்று மக்ஸ்என்ட் என்னும் இலவச மென்பொருள். ஸ்டீவன் பிலிப்ஸ், ரொபேர்ட் அன்டர்சன், ரொபேர்ட் ஷபீர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையைப் பரவலாக்கிற்று. ஓர் உயிரினம் காணப்பட்ட இடங்களையும், அவ்விடங்களின் வெப்பம், மழை முதலியவற்றையும் கொடுத்தால், அதற்கு ஏற்ற பிற இடங்களை அது வரைந்து காட்டும். இதன் அடிப்படை உச்ச எந்திரப்பி. தெரிந்ததற்கு முரண்படாதே, தெரியாததைக் கற்பனையால் நிரப்பாதே என்பதே அதன் சாரம். நல்ல செய்தியாளனுக்கும் அதுவே விதி.

ஆயினும் செய்தியாளன் போகாத ஊரிலிருந்து செய்தி வராது. ஆய்வாளர் போகாத ஊருக்கு வரைபடத்தில் புள்ளி விழாது. 1983 முதல் 2009 வரை போர் சூழ்ந்திருந்த வடக்கில் களஆய்வு எளிதாக இருக்கவில்லை. தேடல் குறைந்த இடத்தை உயிரினம் குறைந்த இடமாக மென்பொருள் மயங்கக்கூடும். மேலும், பல வரைபடங்களின் மிகச்சிறு கட்டமே ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர். அதற்குள் எத்தனை கிணறுகள், எத்தனை நீர்த்தாங்கிகள்! மனிதன் தேக்கும் நீரில் வாழப் பழகிய நுளம்பை மழைக்கணக்கு மட்டும் எப்படிப் பிடிக்கும்? புதிதாக நுழைந்த இனமோ தன் எல்லையை இன்னும் எட்டவுமில்லை.

எனவே, இத்தகைய வரைபடத்தை முதலில் எங்கே தேடுவதென்று தீர்மானிக்கப் பயன்படுத்தலாம். எங்கே தேடாமல் விடலாமென்று தீர்மானிக்கப் பயன்படுத்தலாகாது. வடபுலத்தின் கிணறுகளை ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சோதித்து, நுளம்பு காணப்பட்டதையும் காணப்படாததையும் பதிந்து, அத்தரவை யாவருக்கும் திறந்து வைக்க வேண்டும். கைவிடப்பட்ட கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்களை விடுவதற்கு எந்த மென்பொருளின் அனுமதியும் தேவையில்லை.

பெரும் உழைப்பால் விரட்டிய நோய் நம் வீட்டுக் கிணற்றின் வழியாகத் திரும்பிவர நாம் இடங்கொடுக்கலாகாது.