பட்டறை ஊரில் பிறந்த முரட்டு இசை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் காது அடைக்கும். லேத் சுழலும். பவர் பிரஸ் "டங்கு டங்கு" என்று தகட்டை அடிக்கும்.

இங்கிலாந்திலும் இப்படி ஓர் ஊர் உண்டு. பெயர் பர்மிங்காம். "ஹெவி மெட்டல்" என்ற முரட்டு இசை அங்கேதான் பிறந்தது. ஹெவி மெட்டல் என்றால் கன உலோகம். பெயரிலேயே பட்டறை வாடை!

கடைசி நாள் வேலை

டோனி அயோமி 17 வயது வாலிபர். தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. கிதார் என்றால் உயிர். வெளிநாட்டில் கச்சேரி செய்ய வாய்ப்பு வந்தது. வேலையை விட்டார்.

1965-ல் அந்தக் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போக வேண்டாம் என்று நினைத்தார். தாயார் விடவில்லை. ஒழுங்காக முடித்து வரச் சொல்லி அனுப்பினார். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள்.

பிரஸ்ஸில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத டோனியை நிறுத்தினார்கள். எந்திரம் கையில் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

டாக்டர்கள் கைவிரித்தார்கள். அதே தொழிற்சாலையின் மேஸ்திரி ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கியும் கிதாரில் புகழ் பெற்றவர் அவர். டோனி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்தி மாட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். ஒலி கனத்தது.

ஒரே நாளில் இசைத்தட்டு

கூட்டாளிகள் மூன்று பேர். பாட்டுக்காரர் ஓசி ஆஸ்பர்ன் கசாப்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். 1969 அக்டோபரில், லண்டனில், ஒரே நாளில் பதிவு செய்தார்கள். "பிளாக் சப்பாத்" என்ற அந்த முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-ல் வந்தது. பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. ஜனங்கள் வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலில் எட்டாவது இடம்!

"இதெல்லாம் பாட்டா? பேய் இரைச்சல்!" என்பார்கள் பெரியவர்கள். மாரியம்மன் நோம்பியில் பறையும் உருமியும் முழங்கும்போது யார் காதைப் பொத்துகிறார்கள்? மகன் கிதார் கேட்டால் உடனே அடிக்க வேண்டாம். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் போதும்.

ஆனால், "விரல் போனதால்தான் இசை வந்தது" என்று சிலர் மெச்சுகிறார்களே, அது அநியாயம். விரல் இழந்த தொழிலாளிக்கெல்லாம் இசைத்தட்டா கிடைத்தது? வேலைதான் போயிற்று. எந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. உருப்படி வேகமாக வரட்டும் என்று தடுப்பைக் கழற்றி வைக்கும் பட்டறை எந்த ஊரிலும் உண்டு.

ஆள் வரவில்லையா? அந்தப் பிரஸ் அன்று சும்மா கிடக்கட்டும். புதுப் பையனை அதில் நிறுத்தாதீர்கள், முதலாளிமார்களே!