கோவணத்தைப் பார்த்து ஏன் சிரிச்சோம்?

மக்களே, முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஓடின அந்த "கோவணத் தாத்தா" ஸ்டிக்கரைச் செஞ்சது நான்தான்.

போன வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப்புக்காக பழவேற்காடு போய், அங்கிருந்து படகு ஏறி பசியாவரம் போனோம். இடுப்பளவு தண்ணியில வலை இழுத்துட்டிருந்த ஒரு தாத்தா கரையேறினார். உடம்புல கோவணம் மட்டும்தான். நாங்க சிரிச்சோம். நான் போட்டோ எடுத்தேன். அவர் கோபப்படலை. "இன்னாப்பா சிரிக்கிறீங்க? லுங்கியோட தண்ணில எறங்குனா, வலையப் புடிக்கறதா, லுங்கியப் புடிக்கறதா?"ன்னு கேட்டுட்டு, மீன் கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரியே ஸ்டிக்கர் ரெடி. அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் நம்ம பேட்ச்ல படிக்கிறான், தாத்தா அவனுக்குச் சொந்தம்னு எனக்குத் தெரியாது. அவன் ஒண்ணும் சொல்லலை. குரூப்பை விட்டு வெளியே போயிட்டான், அவ்வளவுதான்.

அடுத்த மாசம் பிளேஸ்மென்ட்டுக்காக ஜப்பானிய மொழி கிளாஸ். ஒகயாமாவில் பிப்ரவரிக் குளிரில் நடக்கும் சைதாய்ஜி கோயில் திருவிழா வீடியோ போட்டாங்க. ஆயிரக்கணக்கான ஆண்கள், இடுப்பில் வெள்ளைத் துணி மட்டும். அதுக்குப் பேர் ஃபுன்தொஷி. ஒருத்தரும் சிரிக்கலை. நான் நோட்ஸ் எடுத்தேன். பக்கத்துல இருந்தவன் "செம கல்ச்சர், மச்சி"ன்னான். அப்பதான் எனக்குச் சுருக்குன்னு பட்டுது.

ஃபுன்தொஷியில் பல வகை. எச்சூ என்பது சுமார் ஒரு மீட்டர் துணி, ஓரத்தில் ஒரு நாடா. நாடாவை இடுப்பில் கட்டி, பின்னால் தொங்கும் துணியைக் கால்களுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, நாடாவுக்குள் விட்டுத் தொங்கவிடணும். நம்ம கோவணத்தில் நாடாவுக்குப் பதிலா அரைஞாண் கயிறு. முன்னால் செருகி, கால்களுக்கு நடுவே இழுத்து, பின்னால் செருகணும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே டிசைன்தான்.

இன்ஜினியரா யோசிங்க. தையல் இல்லை, பட்டன் இல்லை, எலாஸ்டிக் இல்லை. எந்த இடுப்புக்கும் பொருந்தும். துணி கொஞ்சம்தான், அதனால் தண்ணியும் கொஞ்சம்தான் பிடிக்கும், சீக்கிரம் காயும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் 1 மீட்டர்தான். பல வேலைகளைத் தண்ணியில் இறங்கி நின்னுதான் செய்யணும். வலையில் சிக்க ஓரமே இல்லாத உடை அங்கே வேற எது? தாத்தா ஒரே வரியில் கேட்ட கேள்வி இதுதான்.

சரி, அப்போ வெட்கம் எங்கிருந்து வந்துச்சு? ஜப்பான்லயும் ஒரு காலத்தில் வந்துச்சு. வெள்ளைக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்னு, 1872-இல் டோக்கியோவில் பொது இடத்தில் அரை உடம்போடு திரிவதைக் குற்றமாக்கினாங்க. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். 'கோவணம்'ங்கற வார்த்தையே எனக்குத் திட்டாத்தான் அறிமுகம். பழனி முருகனைக் கும்பிடுற அதே வாயால 'கோவணாண்டி'ன்னு திட்டுவோம்.

துணி விஷயத்தில் பழவேற்காடு சாதாரண ஊர் இல்லை. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இந்தக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலா ஏத்தினாங்க. மலாய் மொழியில் கைலிக்கு இன்னைக்கும் 'காயின் பெலெக்காட்', அதாவது பழவேற்காட்டுத் துணி. ஜப்பானில் ஒரு வகைக் கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சந்தோமே'ன்னு பேர். நம்ம மயிலாப்பூர் பக்கத்து சாந்தோம்தான் அது. அப்படிப்பட்ட ஊருக்குப் போய்த்தான் ஒரு முழம் துணியைப் பார்த்துச் சிரிச்சோம்.

"அப்போ நாளைக்குக் காலேஜுக்குக் கோவணத்தோட வருவியா?"ன்னு கேப்பீங்க. வர மாட்டேன். பசியாவரத்திலேயே இளைஞர்கள் ஷார்ட்ஸ்தான் போடறாங்க, அது அவங்க இஷ்டம். கோவணத்தைப் புனிதமாக்கவும் எனக்கு ஆசையில்லை. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாதுன்னு சாதியின் பேரால் தடுக்கப்பட்டவங்க இந்த நாட்டில் உண்டு. வேற துணி வாங்க வழியில்லாம கட்டினவங்களும் உண்டு. அவங்களுக்கு அது பெருமை இல்லை, காயம். திணிக்கப்பட்ட உடை வேற, வேலைக்குன்னு ஒருத்தர் தேர்ந்தெடுத்த உடை வேற. ஆனா ரெண்டுலயும் சிரிக்க என்ன இருக்கு?

ஜப்பான்காரன் கட்டினா பண்பாடு, நம்ம தாத்தா கட்டினா ஜோக்குன்னா, பிரச்சினை துணியில் இல்லை. யார் உடம்பில் இருக்குங்கறதைப் பார்த்து நாம மரியாதையை அளக்கறோம்.

ஸ்டிக்கரை அழிச்சிட்டு அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட ஏன்டா சொல்ற? அவர்கிட்ட போய்ச் சொல்லு"ன்னான். செமஸ்டர் முடிஞ்சதும் பசியாவரம் போறேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்க போன்ல அந்த ஸ்டிக்கர் இன்னும் இருந்தா, அழிச்சிடுங்க.